அரக்குப் பேனாவும் கட்டைவிரலும்

சிலமலை சுப்புத்தாய்க்குக் கோபம் வராத பொருள் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். விடியுமுன் வந்து நிற்கும் ஜீப்பின் மேல் கோபம். வராவிட்டால் வராததன் மேல் கோபம். டீயில் சர்க்கரை கூடினாலும் கோபம்தான். குறைந்தாலோ, தன்னைச் சர்க்கரை நோயாளி என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டதாகக் கோபம். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாலு பெண்களை அடைத்து மலை ஏற்றும் டிரைவரிடம், "இன்னும் ரெண்டு பேரை ஏத்து அப்பு, ஒம் மடியில எடம் கெடக்குல்ல" என்பார். அவருடைய கணவர் சின்ராசு வயல் வேலைக்காரர். ஒரு காதில் வாங்காமலே இன்னொரு காதால் விட்டுவிடும் பயிற்சி அவருக்கு உண்டு.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பொறுமையாக இருந்தார். அது அவருடைய கட்டைவிரல்.

இருபது வயதில் மேல்பாறை ஏலக்காய் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டம் போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்தில். அலுவலகம் கீழே போடியில். முதலாளியின் பிள்ளைகள் பெங்களூரில். சேர்ந்த முதல் நாள் நாற்பது பெண்களை வரிசையில் நிறுத்தி, அன்றைய கணக்கப்பிள்ளை மைப்பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு இடது கட்டைவிரலாகப் பிடித்து மையில் தோய்த்துப் பதிவேட்டில் உருட்டிக்கொண்டே வந்தார். முறை வந்ததும் சுப்புத்தாய் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எழுதத் தெரியும். எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்."

"அப்படியா, நல்லது" என்றார் கணக்கப்பிள்ளை. "வெரலைக் குடு. ஜீப்பு நிக்குது."

நாற்பது பேரில் ஒருத்திக்காகப் பேனாவின் மூடியைத் திறப்பது அவருக்கு வீண் சோலி. அன்றிலிருந்து எஸ்டேட் பதிவேட்டில் சுப்புத்தாய் 'கைநாட்டு' ஆனார். பதிவேடு ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்லாது. அதற்குப் பிறகு வந்த கணக்கப்பிள்ளைகள் எல்லாரும் பதிவேட்டைப் பார்த்தார்கள். அவரை யாரும் பார்க்கவில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. மூன்று வருடம் காய் எடுத்த பிறகு அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைத்து உலர்த்தி, சலித்து, தரம் பிரித்து மூட்டை கட்டும் இடம். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு சீட்டு போட வேண்டும்: தேதி, காயின் அளவு, எடை. அதை எழுதிக்கொண்டிருந்த ஆளுக்குக் கண் மங்கிப்போக, பக்கத்தில் நின்ற சுப்புத்தாய் பேனாவை வாங்கி எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரும் எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எஸ்டேட்டில் பதவி உயர்வு அப்படித்தான் வரும், சம்பளம் மட்டும் கூட வராது.

சீட்டில் அவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். 'மூணு நாள் விடாத மழை. காய் வெளுத்திருக்கும். குறை காய்மேல் இல்லை.' இன்னொன்றில், 'இது வெயில் காய். நெறம் நிக்கும்.' கீழே தன் பெயர், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டு. காய் வெளுத்ததற்குக் கீழே போடியில் தன்னை யாரும் திட்டக்கூடாது என்பதுதான் நோக்கம். திட்டுவது அவருடைய வேலை, வாங்கிக்கொள்வது அல்ல.

சம்பள நாளில் கட்டைவிரலை வைத்துவிட்டு, மை காயுமுன் ஸ்டோருக்குப் போய்ச் சீட்டு எழுதுவார். இடது கட்டைவிரலால் தாளை அழுத்திப் பிடித்து வலது கையால் எழுதினால், ஓரத்தில் ஊதாக் கறை விழும். அந்தச் சீட்டு எழுதத் தெரிந்தவர் என்பதற்கும் சாட்சி, தெரியாதவர் என்பதற்கும் சாட்சி. எஸ்டேட் இரண்டையும் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

போன வருடத்துக்கு முந்தைய ஆவணியில் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மேல்பாறையின் பெரிய பச்சைக்காயைப் பல வருடமாக வாங்கிவந்த ஒரு வயதான வியாபாரி அனுப்பியது. மூட்டையில் கிடந்த சீட்டுகளை அவர் எறியாமல் சேர்த்து வைத்திருக்கிறார். அந்த ஊரில் வேலை பார்க்கும் ஒரு தமிழரைப் பிடித்து வாசிக்கவும் வைத்திருக்கிறார். பெட்டிக்குள் கடிதம் ஒன்று. 'மழையைப் பற்றி உண்மை சொல்லும் சரக்குச் சீட்டை என் தொழிலில் வேறெங்கும் கண்டதில்லை. அந்தக் கையெழுத்துக்கும், பக்கத்தில் இருக்கும் ஊதா முத்திரைக்கும் உரியவருக்கு இந்தப் பேனா.' கைநாட்டுக் கறையை அவர் முத்திரை என்று நினைத்துக்கொண்டார். அவருடைய நாட்டில் பெயருக்குப் பக்கத்தில் முத்திரை வைப்பது மரியாதை.

பேனா கறுப்பு அரக்குப் பூச்சு. நம் ஊர் அரக்கு இல்லை. அங்கே ஒரு மரத்தைக் கீறி எடுக்கும் பால். நம் சேங்கொட்டைக்குத் தூரத்துச் சொந்தம். பச்சையாக மேலே பட்டால் தோல் பொங்கிவிடும். பூசி, இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி என்று மாதக்கணக்கில் வேலை. ஈரக்காற்று இருந்தால்தான் அது இறுகுமாம். மேல்பாறையில் ஈரத்தை விரட்ட விறகு எரிக்கிறார்கள், அங்கே ஈரத்தைக் கூட்டிவைத்துக் காய வைக்கிறார்கள். தொட்டால் கொப்புளம் எழுப்பிய பால் கடைசியில் தொட்டால் குளிர்கிற கறுப்பாகி நிற்கிறது. சுப்புத்தாயும் ஏறக்குறைய அந்தச் சாதிதான், அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் அவருக்கு வரவில்லை. கறுப்பின் மேல் பொன்தூளைத் தூவி ஒரு படம்: சாய்ந்து விழும் மழையில் வளைந்து நிற்கும் புல். அதன் விலைக்கு ஒரு பழைய ஜீப் வாங்கலாம்.

பெட்டியைப் பிரித்தவர் மேனேஜர் விஜயகுமார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, தர்க்கம் தெரிந்தவர். சீட்டு என்றால் ஸ்டோர், ஸ்டோர் என்றால் எஸ்டேட், எஸ்டேட் என்றால் மேனேஜர். இந்த வழியில் நடந்து போய்ப் பேனாவைத் தன் சட்டைப்பைக்குள் சேர்த்தார். எழுதுவதற்கு எப்போதும்போல ஐந்து ரூபாய் பால்பாயிண்ட்தான். இது பைக்கு வெளியே மூடி தெரிவதற்கு.

ஆயுத பூஜைக்கு மேல்பாறை ஸ்டோரில் எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைப்பார்கள். சல்லடை, அரிவாள், தராசு, மருந்தடிக்கும் மெஷின். வாசலில் ஜீப். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது ஸ்டோரில் மூத்தவரான சுப்புத்தாயின் பொறுப்பு. விஜயகுமார் பேனாவை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். முதலாளி மகாராஜன் குடும்பத்தோடு வந்திருந்த நாள், நாலு பேர் பேனாவைப் பார்க்கட்டும் என்று.

சுப்புத்தாய் பேனாவைக் கையில் எடுத்தார். சந்தனம் வைக்க இடம் தேடித் திருப்பினார். மழைக்குக் கீழே, புல்லின் அடியில், எறும்பு அளவில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது.

"அருள்மொழி, இது என்னாடி? வெலையா?"

அருள்மொழி போடி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் இருப்பவர், நாற்பது வயது, ஜப்பான் கடிதத்துக்கு நன்றிப் பதில் அடித்தவர். "வெலை இல்லக்கா. பூச்சு வேலை செஞ்சவரோட கையெழுத்து. அங்க அப்படித்தானாம், செஞ்சவரு பேரைப் போட்டுத்தான் குடுப்பாராம்."

"பேனாவுக்குப் பூசுனவன் கையெழுத்துப் போட்டிருக்கானா? கம்பெனிக்காரன் போடல?"

"அவருதான போடணும். வேலை அவரு செஞ்சது" என்ற அருள்மொழி, குரலைத் தாழ்த்தாமலே அடுத்ததையும் சொன்னார். "ஏங்க்கா, ஒங்களுக்குத்தான வந்துச்சு இது. சீட்டு எழுதுனவங்களுக்குன்னு லெட்டர்ல போட்டிருந்துச்சு. மேனேஜர் சார் ஒங்ககிட்டச் சொல்லலையா?"

ஸ்டோருக்குள் சூடு கூடியது. அடுப்பு எரியாத நாள் அது.

"விஜயகுமாரு தம்பி" என்றார் சுப்புத்தாய். அவர் கத்தினால் யாரும் திரும்பமாட்டார்கள், தினமும் கேட்பதுதான். அன்று மெதுவாகச் சொன்னதால் எல்லாரும் திரும்பினார்கள். "சீட்டு எழுதுறது யாரு?"

"அக்கா, பூசை நேரத்துல..."

"சாமி கேக்கட்டும். யாரு எழுதுறது?"

"நீங்கதான் எழுதுறீங்க, யாரு இல்லேன்னா. ஆனா அது எஸ்டேட்டு சீட்டு. ரெக்கார்டுன்னு ஒண்ணு இருக்குல்லக்கா. ரெக்கார்டுல நீங்க கைநாட்டு. கைநாட்டுக்குப் பேனா வந்துச்சுன்னு நான் எப்படி எழுதிக்கிறது?"

"அப்ப ரெக்கார்டைக் கொண்டாந்து சீட்டு எழுதச் சொல்லு. நாளையிலேர்ந்து அது எழுதட்டும்."

ஜீப் டிரைவர் சிரித்துவிட்டு, முதலாளி இருப்பதைப் பார்த்து இருமினார்.

மகாராஜன் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "பேனா அவங்களுக்குத்தான் விஜயா, இதுல என்ன பேச்சு" என்றார். பிறகு யோசித்து, "வர்ற மார்கழியில அவங்க ரிட்டையர் ஆகுறாங்கல்ல. விழா வெச்சு, மாலை போட்டு, மேடையில குடுப்போம். போட்டோவை ஜப்பானுக்கும் அனுப்பிரலாம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சுப்புத்தாய் கைதட்டவில்லை. பேனாவின் இரண்டு பக்கமும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தராசுத் தட்டில் திருப்பி வைத்தார். "மழையப் பொன்னுல போட்டிருக்கான்" என்றார் போகும்போது. "மேல்பாறைக்கு வந்து ஒரு ஐப்பசி இருந்துட்டுப் போகச் சொல்லுங்க."

மார்கழியில் விழா நடந்தது. போடி அலுவலக மாடியில் ஷாமியானா, கேசரி, மாலை. மகாராஜன் பேசினார்: சுப்புத்தாய் எஸ்டேட்டின் முதுகெலும்பு, அவருடைய எழுத்து கடல் கடந்து போனது, எழுத்துக்கு எல்லை இல்லை. பேனாவைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். சுப்புத்தாய் மேடையிலிருந்து இறங்கி மேசைக்கு வந்ததும் விஜயகுமார் இரண்டு தாள்களை நகர்த்தினார். ஒன்று ஓய்வு விண்ணப்பம். மற்றது பேனாவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. பக்கத்தில் மைப்பெட்டி திறந்திருந்தது.

"வெரலைக் குடுங்கக்கா, வெரசா முடிச்சிருவோம். சாப்பாடு ஆறுது."

எழுத்தின் பெருமை பற்றிய பேச்சு முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கையில் ஒரு ஜீப் விலைப் பேனா. அதை வாங்கிக்கொண்டதற்குக் கட்டைவிரல் கேட்கிறார்கள். இதில் ஏதும் விசித்திரம் இருப்பதாக அந்த மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் விசித்திரம்.

சுப்புத்தாய் மூடியைத் திருகித் திறந்தார். தாளில் வைத்து இழுத்தார். எழுதவில்லை. வந்த நாளிலிருந்து யாரும் அதற்கு மை ஊற்றவில்லை.

"பாத்தீங்களா" என்றார் விஜயகுமார், ஆறுதலாக. "அது சும்மா அழகுக்குக்கா. வெரலை வைங்க."

சுப்புத்தாய் மேசையைப் பார்த்தார். மைப்பெட்டிக்குப் பக்கத்தில், அதில் ஊற்றும் ஊதா மைக்குப்பி இருந்தது. அதைத் திறந்து தங்க முள்ளை உள்ளே விட்டுத் தோய்த்தார்.

மகாராஜன் எழுந்தேவிட்டார். "அம்மா, அது கைநாட்டு மை. பேனா கெட்டுப்போகும். அவ்வளவு பெரிய வேலை..."

"என் வெரலு முப்பத்தெட்டு வருசமா இதுலதான மொதலாளி கெடந்துச்சு. அப்ப எந்திரிக்கலயே."

விண்ணப்பத்தில் ஒன்று, ரசீதில் ஒன்று, இரண்டு கையெழுத்தும் ஊதாவில் விழுந்தன. கடைசி எழுத்து நன்றாக இழுத்துவிட்டிருந்தது. கேசரியைத் தொடாமல் படி இறங்கிப் போனார். பேனாவை வெந்நீரில் மூன்று முறை அலசிச் சரிசெய்து, போடிக் கடையில் நீல மை வாங்கி ஊற்றிக் கொடுத்தவர் அருள்மொழி.

விண்ணப்பம் மலைக்கு அந்தப்புறம், கேரளத்தில், ஓய்வுப் பணத்தைக் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போய், மாசியில் திரும்பி வந்தது. அங்கிருந்த குமாஸ்தா விஜயகுமாரிடம் போனில் மலையாளம் கலந்து சொன்னார்: "இத்தனை வருஷமா வெரலு. இப்ப கையொப்பு. ஆளு ஒண்ணுதானான்னு ஞங்ஙளுக்கு எங்ஙன அறியும் சாரே? ஒண்ணுகில் வெரலு வெச்சுத் தா. இல்லெங்கில் ஒரு சத்தியவாக்குமூலம் எழுதித் தா."

விஜயகுமார் சிலமலையில் அவர் வீட்டுக்கே வந்தார். "ஒரு வெரலுக்கா. ஒரே ஒரு வெரலு. நாளைக்கே வேலை முடிஞ்சிரும்."

"முடியலேன்னா கெடக்கட்டும்."

"யாருக்கு நட்டம்? ஒங்களுக்குத்தான்."

"எனக்கு நட்டம்னா நீ எதுக்கு இம்புட்டுத் தூரம் வேர்த்து வடிய வந்திருக்க?"

சின்ராசு கட்டிலில் திரும்பிப் படுத்தார். "அவ வைக்க மாட்டா சார்" என்றார் சுவரைப் பார்த்து. "எனக்கே தெரியுது."

எனவே வாக்குமூலம். பங்குனியில் ஒரு காலை, போடியில் நோட்டரி பாண்டியராஜன் வக்கீலின் அறையில் எல்லாரும் கூடினார்கள். விஜயகுமாரே தயாரித்த வாசகத்தை அருள்மொழி முத்திரைத்தாளில் தட்டச்சு செய்திருந்தார். எவருக்கும் வலிக்காத வாசகம் என்று விஜயகுமாருக்கு அதில் பெருமை. "கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. படிக்க வேணாம், வழக்கமானதுதான்."

சுப்புத்தாய் உரக்கப் படித்தார். "'நான் இதுவரை எழுத்தறிவு இல்லாதவளாக இருந்து, கைநாட்டு வைத்துவந்தேன். எஸ்டேட் நிர்வாகத்தின் ஊக்கத்தால் அண்மையில் கையொப்பமிடக் கற்றுக்கொண்டேன்.'" தாளைக் கீழே வைத்தார். "யாருடி இதை அடிச்சது?"

"நான் அடிச்சேங்க்கா. எழுதுனது சாரு" என்றார் அருள்மொழி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, இது ஒரு வழிக்கா" என்றார் விஜயகுமார். "அவங்க கேக்குறதுக்கு ஒரு காரணம் சொல்லணும்ல. இதுதான் ஆருக்கும் பிரச்சினை இல்லாத காரணம்."

"எனக்கு யாரு கத்துக்குடுத்தா? நீயா? நீ பொறக்குறதுக்கு முந்தி நான் அ, ஆ எழுதிட்டேன்டா." அதுவரை தம்பி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "வெரலைப் புடிச்சு உருட்டுனீங்க, பொறுத்தேன். ஏன்னா அது ஒங்க பதிவேடு, ஒங்க பொய். இது நான் சத்தியம் பண்ணிச் சொல்றது. ஒங்க பொய்யை என் வாயில சொல்லச் சொல்றீங்களா?"



சுப்புத்தாய் இடுப்பில் செருகியிருந்த துணிப்பையைப் பிரித்துப் பேனாவை எடுத்தார். 'எழுத்தறிவு இல்லாதவளாக' என்பதை அடித்தார். மேலே, 'எட்டாம் வகுப்பு வரை படித்தவளாக' என்று எழுதினார்.

விஜயகுமார் பதறி வக்கீலைப் பார்த்தார். பாண்டியராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மாதிரிக் காலை அவருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. "அம்மா, முத்திரைத்தாள்ல அடிச்சுத் திருத்துனா, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்துலயும் நீங்க முழுக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா நான் சீல் வைக்க முடியாது."

"கேட்டீங்களாக்கா" என்றார் விஜயகுமார், பிடி கிடைத்த மகிழ்ச்சியில். "ஒவ்வொரு எடத்துலயும் போடணும். ரொம்பச் சிரமம்."

"அப்படியா" என்றார் சுப்புத்தாய். "பக்கத்துல எடம் பத்துமா வக்கீலய்யா?"

"ஓரம் தாராளமா விட்டிருக்கு."

அதற்குப் பிறகு அந்த அறையில் பேனா கீறும் சத்தம் மட்டும்தான். 'நிர்வாகத்தின் ஊக்கத்தால்' போயிற்று, கையெழுத்து. 'அண்மையில்' போயிற்று, கையெழுத்து. 'கற்றுக்கொண்டேன்' போன இடத்தில் 'எழுதத் தெரியும் என்று முதல் நாளே சொன்னேன், ஜீப் நிற்கிறது என்றார்கள்' வந்தது, கையெழுத்து. 'மூட்டைச் சீட்டு முப்பத்தைந்து வருடமாக நான் எழுதியது, எழுதத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை' என்பதை ஓரத்தில் சாய்த்து எழுதினார், மழைபோல, அதற்கும் ஒன்று. கடைசியில் எண்ணிப் பார்த்த அருள்மொழி, பதினோரு இடம் என்றார். பதினொன்றிலும் கடைசி எழுத்தின் வால் ஒரே நீளம்.

"இவரை நேரில் அறிவேன்னு ஒரு சாட்சி போடணும்" என்றார் வக்கீல். "மேனேஜர் போடலாமே. ரொம்ப நாளாத் தெரியும்ல."

விஜயகுமார் சட்டைப்பையைத் தடவினார். பால்பாயிண்டை அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். தயங்கி, சுப்புத்தாயின் பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

சுப்புத்தாய் மூடியைத் திருகி மூடினார். வக்கீலின் மேசையில் இருந்த மைப்பெட்டியை ஒரு விரலால் விஜயகுமார் பக்கம் தள்ளினார்.

"வெரலைக் குடு தம்பி. ஜீப்பு நிக்குது."

வக்கீல் தன் பேனாவைக் கொடுத்துதான் அந்தச் சாட்சிக் கையெழுத்து விழுந்தது. வாக்குமூலத்தை அந்தப்புறத்து அலுவலகம் ஏற்றுக்கொண்டது. பதிவேட்டில் கைநாட்டு என்பதை அடித்துவிட்டு 'கையொப்பமிடுபவர்' என்று மாற்றியதாக வைகாசியில் பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் நீட்டிய இடத்தில் சுப்புத்தாய் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அந்தக் கட்டம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத்தான் இருக்கிறது, மனுசர் பேர் எழுத இடம் விடாமல் அச்சடித்தவன் யார் என்று தெருவே கேட்கும்படி தபால்காரரைப் பிடித்துக்கொண்டார்.